கோபக்கார கஸ்டமர்

டெல்லியில் உள்ள அத்தனை பேருடைய கோபத்தையும் ஒரே ஆள் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவரை நாங்கள் ‘கஸ்டமர்’ என்றுதான் சொல்லுவோம். ஜனக்புரியில் ஒரு தொழிற்பயிற்சி மையத்தில் அவர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியார். பக்கத்து அறையில் நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தேன். நடுவில் இருந்த பிளைவுட் தடுப்பு அவர் குரலுக்கு முன்னால் எம்மாத்திரம்?

புத்தகத்தைத் தொடவே மாட்டார். எல்லாம் நடிப்புத்தான். மாணவர்கள் ஊழியர்கள், அவர் சண்டைக்கார கஸ்டமர். ஏசி மெக்கானிக் பையன்களிடம் மே மாத வெயிலில் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வந்து, "யுவர் ஏசி இஸ் கில்லிங் மீ!" என்று நடுங்குவார். பியூட்டி பார்லர் வகுப்பில் தன் வழுக்கையைத் தடவி, "வேர் இஸ் மை ஹேர்?" என்று அலறுவார். ஒருமுறை நிஜச் சண்டை என்று நினைத்து வாட்ச்மேன் லத்தியோடு, "க்யா ஹுவா ஜீ?" என்று ஓடிவந்தார். கஸ்டமர் அவருக்கும் மேனேஜர் வேஷம் கொடுத்து, "ஸாரி சார்" சொல்ல வைத்துத்தான் அனுப்பினார்.

"எதுக்கு சார் இப்படிக் கத்துறீங்க?" என்று கேட்டேன்.

"திட்டு வாங்கும்போது இங்கிலீஷ் வந்துட்டுன்னா, மத்த நேரம் தன்னால வரும்லா!" என்றார் அந்தத் திருநெல்வேலிக்காரர்.

ஹோட்டல் வகுப்பில் செல்வி என்றொரு பெண். அம்மா நாலு வீட்டில் கூட்டித் துடைப்பவர். ரிசப்ஷன் வேலை கிடைக்காவிட்டால் மகளும் கூடப் போக வேண்டியதுதான். "அந்த ஜாடு போச்சாவுக்கு மட்டும் நான் போக மாட்டேன் சார்" என்பாள். கஸ்டமர் அவளைத் தினமும் இரட்டிப்பாகத் திட்டினார். அவளும் பட்டாசாகப் பதில் சொன்னாள்.

இன்டர்வியூ எங்கள் மையத்திலேயே நடந்தது. ஹோட்டலிலிருந்து வந்த அம்மாள் சிரித்த முகத்தோடு, "ப்ளீஸ் சிட் டவுன், டியர். டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றார்.

செல்வி கல்லாகிவிட்டாள். இங்கிலீஷில் அவளிடம் யாரும் அதுவரை அன்பாகப் பேசியதே இல்லை! கதவுக்கு வெளியே நானும் கஸ்டமரும். அவர் என் கையை நசுக்கிக்கொண்டிருந்தார்.

"மேடம்," என்றாள் செல்வி கடைசியில், "ப்ளீஸ் ஷவுட் அட் மீ!"

அந்த அம்மாள் விழித்தார். பிறகு மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, "நோ ஹாட் வாட்டர் இன் மை ரூம்!" என்று கத்தினாரே பார்க்கலாம்! செல்விக்கு உயிர் வந்தது. மன்னிப்பு, வேறு ரூம், அதுவரை சூடாக ஒரு காபி என்று இங்கிலீஷ் அருவியாகக் கொட்டியது. அங்கேயே வேலை உறுதியானது.

வெளியே ஓடிவந்தவள், "தேங்க் யூ சார்!" என்று கஸ்டமரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

மனிதர் வாயைத் திறந்தார், மூடினார். சண்டையை மட்டுமே ஒத்திகை பார்த்தவருக்கு, நன்றிக்கு என்ன பதில் சொல்வதென்று எந்தப் பாஷையிலும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அவரை, எனக்கு அப்படிப் பிடித்துப்போயிற்று.