ஆமை புகுந்த வகுப்பு

"ஏழெட்டு அம்பத்தி நாலு" என்று கூசாமல் சொன்னாள் மின்னல்.

கணக்காசிரியைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறர் பென்சிலைச் சீவுமுன்பே கணக்கை முடிப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர். முடித்தபின் சும்மா இருக்கமாட்டாள். முன்பெஞ்சுக்காரிகளின் பின்னல்களை ஒன்றோடொன்று முடிந்துவிடுவாள். இத்தகையோர்க்குக் கடினக் கணக்கு, மற்றவர்க்கு எளிய கணக்கு என வகுப்பைப் பிரிக்க, தலைமையாசிரியையிடம் மன்றாடி அனுமதி வாங்கியிருந்தார் ஆசிரியை. வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை வந்து பார்ப்பார். சரிப்படவில்லையென்றால் பழையபடி எல்லோருக்கும் ஒரே கணக்குதான்.

யார் மனமும் நோகக்கூடாதென்று, விரைவுக்காரர் மேசைக்கு மேலே 'முயல்', நிதானக்காரர் மேசைக்கு மேலே 'ஆமை' என அட்டைகளைத் தொங்கவிட்டிருந்தார். கதையில்தான் மிருகங்கள் சொன்னபடி கேட்கும், வகுப்பறையில் கேட்பதில்லை.

"தெரிஞ்சேதானே தப்பா சொன்னே?"

"பந்தயத்துல முயல் தோத்துப்போச்சே டீச்சர். நான் ஆமைக்குப் போறேன்."

மறுநாள் கெட்டிக்காரர் அனைவரும் கூட்டலில் கோட்டைவிட்டார்கள். ஆமை மேசையில் மூச்சுவிட இடமில்லை. முயல் மேசை ஈயோட்டியது.

ஆசிரியை அட்டைகளை இடம் மாற்றினார். இப்போது கடினக் கணக்கு ஆமைக்கு. மாலையில் மின்னலின் அப்பா வாசலில் நின்றார்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்க, டீச்சர். எம்பொண்ணு அங்கதான் உக்காரணுமா?"

எவ்வளவு விளக்கியும் அவர் காதில் ஏறவில்லை. வெள்ளியன்று காலை ஆமையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டார் ஆசிரியை. முயலைக் கடினக் கணக்கின் மேல் மாட்டினார். வம்பே வேண்டாம், இதையும் கழற்றிவிடலாம் என்று மறுபடி கை நீட்டும்போது தலைமையாசிரியை அழைப்பதாக ஆள் வந்தது.

அவரை அழைத்துக்கொண்டு, அமளியை எதிர்பார்த்தபடி திரும்பினார். வகுப்பில் நிசப்தம். மொத்தப் பிள்ளைகளும் முயல் மேசையைச் சூழ்ந்திருந்தார்கள். ஒரே கடினக் கணக்கு. நிதானக்காரர் முதல் வரியைப் போட்டு நீட்ட, அடுத்தவர் அதிலிருந்து தொடர, கடைசி வரியில் மின்னலுக்கே வியர்த்துக்கொண்டிருந்தது.

"அவங்கவங்க பலத்துக்கு ஏத்த வரி. இனி எல்லா வகுப்பிலயும் இப்படித்தான் நடக்கணும்" என்றார் தலைமையாசிரியை. "என்ன சொல்லி இவங்களை உக்கார வெச்சீங்க?"

ஆசிரியை பிள்ளைகள் பக்கம் திரும்பினார். இன்னும் எழுத்துக்கூட்டியே படிக்கும் ஒரு சிறுமி, முதல் வரியிலிருந்து தலைநிமிர்ந்தாள்.

"ஆமை போனப்புறம் அது மிருகம் இல்லையே மிஸ், 'முயல்'னு போட்டிருக்கு, அதான் முயற்சி பண்றோம்."