பண்ணையார் பங்களாவில் கால யந்திரம்

எனக்கு விஞ்ஞானம் தெரியாது, நாடகமும் தெரியாது. இரண்டும் தெரியாதவன் விஞ்ஞான நாடகம் எழுதினால் கேட்கவா வேண்டும்? யுத்தம் முடிந்த சமயம். தென்காசி வாசகசாலை ரேடியோவில் நாலைந்து நாடகங்களைக் கேட்டுவிட்டு, என்னை விட்டால் ஆளில்லை என்று நானும் ஒன்று எழுதினேன். இரண்டு பேர் ஒரு யந்திரத்தில் ஏறிப் பழைய காலத்துக்குப் போய் எதையாவது மாற்றிவிடுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் உலகமே மாறியிருக்கும். (எப்படி மாறும் என்று கேட்டவர்களிடம், "அது விஞ்ஞானம்" என்று சொல்லிவைத்தேன்.)

அரங்கேற்ற இடம் கொடுத்தவர் எங்கள் பக்கத்துப் பண்ணையார். குற்றாலத்தில் சாரல் காலத்துக்கென்றே அவருக்கு ஒரு பங்களா இருந்தது. அவருடைய தங்கை மகளை எனக்குக் கொடுப்பதாக ஒரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. "பையன் நாடகத்தக் கேட்டுட்டு முடிவு சொல்லுதேன்" என்றிருந்தார். ஆக, யந்திரத்தில் என் கல்யாணமும் ஏறி உட்கார்ந்திருந்தது.

ரேடியோ நாடகம் என்பதால் எங்கள் முகம் தெரியக் கூடாது. நானும் கடையநல்லூர்த் தறிக்கார நண்பன் மைதீனும் பங்களாவின் பின் அறையில் மைக் முன்னால் உட்கார்ந்தோம். குழாய் ஒலிபெருக்கி தோட்டத்து மாமரத்தில். மரத்தடியில் பண்ணையாரும் உறவினர்களும், பின்னால் அவருடைய குத்தகைக்காரர்கள். (வராவிட்டால் குத்தகை போய்விடும் என்று கலையார்வத்தோடு வந்தவர்கள்.) யந்திரத்தின் சத்தத்துக்காக மைதீன் நூல் சுற்றும் ராட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதற்கு எண்ணெய் போடாதே என்பதுதான் என் டைரக்‌ஷன்.

முதல் காட்சியில் ஒருவர்கூட இருமவில்லை. மெய்ம்மறந்து கேட்கிறார்கள் என்று பூரித்தேன். தூங்கியிருக்கிறார்கள். யந்திரம் பாண்டியர் காலத்துக்குப் போய்த் திரும்பும் நேரத்தில் மைக்செட்காரர் எட்டிப் பார்த்து, "ஒயரு விட்டுப்போச்சு, வெளிய சத்தம் கேக்கல. செத்த இருங்க" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். ஒயரை மாட்டியவர் அதை எங்களிடம் வந்து சொல்லாமல், அங்கேயே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டார்.

மைதீன் கேட்டான்: "ஏலே, பண்ணையாருக்கு இது வெளங்குமா?"

"அவருக்கா? அவரப் பாண்டியன் காலத்துல கொண்டு விட்டாலும் அரண்மனைய அளந்து வேலி போட்டுருவாரு."

வெளியே சிரிப்புச் சத்தம். "கொரங்கு எவன் துண்டையாவது உருவியிருக்கும்" என்றான் மைதீன். "சரி, பொண்ணு எப்படிலே?"

"பொண்ண நான் பாக்கல. வயலப் பாத்தேன், பிடிச்சிருக்கு."

"அந்த வயலு அவரு அப்பன் ஏமாத்தி எழுதி வாங்கினதுல்லா?"

"அதுக்கு நான் என்ன செய்ய? பின்னால போயி மாத்தவா முடியும்?"

வெளியே பலத்த கைதட்டல். குரங்குக்கு யாரும் இப்படிக் கைதட்ட மாட்டார்களே என்று எனக்கு உறைத்தபோது கதவு திறந்தது. பண்ணையார் நின்றார்.

"நாடகம் முடிஞ்சிட்டா தம்பி?"

"இல்ல அண்ணாச்சி. மைக் போயிட்டு."

"போகலையே" என்றார்.

என் மூளை அன்று ஒரே ஒரு தடவைதான் வேலை செய்தது. "அதுவும் நாடகந்தான் அண்ணாச்சி. யந்திரம் உலகத்த மாத்திட்டுல்லா? மாறின உலகத்துல ஆளுக இப்படித்தான் பேசுவாக."

அவர் ராட்டையைப் பார்த்தார். "அப்ப அதத் திருப்பிச் சுத்து. பழைய உலகம் வரட்டும்."

மைதீன் திருப்பிச் சுற்றினான். அவர் என் முதுகுக்குப் பின்னால் நிற்க, நான் மைக்கில் பண்ணையாரின் தயாள குணத்தையும் அவர் தகப்பனாரின் நேர்மையையும் தொண்டை வற்றும்வரை வர்ணித்தேன். தோட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது: "ஏலே, முன்ன மாதிரியே சுத்துலே. அந்த உலகந்தான் நல்லாருந்து." "ஆமாலே, சுத்துலே" என்று இன்னும் பல குரல்கள் சேர்ந்துகொண்டன. மைக்கின் ஒயரைப் பண்ணையாரே பிடுங்கினார்.

கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. அந்தப் பெண்ணை ஒரு போலீஸ் அதிகாரிக்குக் கொடுத்தார்கள். (வயலையும் சேர்த்து. என் வருத்தம் வயலுக்குத்தான்.) குத்தகைக்காரர்கள் என்னைப் பெரிய புரட்சிக்காரன் என்று நினைத்து, வழியில் கண்டால் கும்பிட்டார்கள். நானும் மறுக்கவில்லை.

பிற்பாடு எனக்கு வாய்த்த, பண்பொழி ஊர்க்காரியான என் மனைவி அன்று குற்றாலத்தில் இல்லவே இல்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் கதையைச் சொல்லுகிறவள் அவள்தான். அவள் சொல்லும்போது, பண்ணையார் துரத்த, நான் வேட்டியில்லாமல் ஐந்தருவி வரை ஓடுவேன். பிள்ளைகள் அதைத்தான் நம்புகிறார்கள். உண்மையை நிலைநாட்டவே இதை எழுதி, முதலில் அவளிடம் படிக்கக் கொடுத்தேன்.

நிதானமாகப் படித்து முடித்தாள். "எல்லாஞ் சரிதான். வேட்டி போனத ஏன் விட்டுட்டீய?" என்றாள்.