பராமரிப்புக்கு ஒரு பித்தளைத் தகடு

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனிதகுலம் சும்மாதான் இருந்தது. அடுத்த மகத்தான காரியத்தை எங்கள் படகுத்துறை அலுவலகம் செய்தது. ஆற்றைக் கடக்கும் பழைய படகின் கார்புரேட்டர் ஜெட்டை, திங்கள்தோறும், முறைப்படி கூட்டம் கூட்டிச் சுத்தம் செய்தோம்.

ஜெட் என்பது பெட்ரோல் போகிற சின்னப் பித்தளைத் துண்டு. அதன் துளை குண்டூசி முனை அளவுதான். ஒரு தூசி அடைத்தாலும் எஞ்சின் இருமி இருமி நின்றுவிடும்.

மெக்கானிக் என் மனைவியின் தம்பி. வீட்டில் என்னை "மாமா" என்பான், ஆபீசில் "சார்". அவன் ஜெட்டைக் கழற்றி, பெட்ரோலில் ஊறவைத்து, ஊதி, வெளிச்சத்தில் பிடிப்பான். நாங்கள் எட்டுப் பேர் கண்கொத்திப் பாம்பாக நிற்போம். "துளை தெரிந்தது" என்று நான் குறிப்பேட்டில் எழுதுவேன். இயக்குநர் கையெழுத்திடுவார்.

இந்தச் "சேவை"யைப் பாராட்டி நாங்களே ஒரு பித்தளைத் தகடு செய்துகொண்டோம். முதல் வரியில் இயக்குநர் பெயர், இரண்டாவது வரியில் என் பெயர். எல்லோர் கண்ணிலும் படும் இடம் பெட்ரோல் டாங்கின் மூடிதான். நானே டிரில் பிடித்து நாலு ஓட்டை போட்டுத் திருகினேன்.

அந்த மழைக்காலத்திலிருந்து ஜெட் தினமும் அடைத்தது. "சுத்தம் செய்யும் வாய்ப்புகள் பெருகியுள்ளன" என்று அறிக்கை அனுப்பினேன்.

மைத்துனன்தான் கெடுத்தான்.

"சார், ஜெட் மேல தப்பில்ல. டாங்க்ல துரு. தகட்டுத் திருகு லொடலொடங்குது, ஓட்டை வழியா மழைத்தண்ணி இறங்குது. தகட்ட எடுத்துட்டு மூடிய மாத்தணும்."

"தகட்டையா?" என்றார் இயக்குநர். "அதுதான்யா பராமரிப்புக்கு அத்தாட்சி! அத எடுத்தா நாம பராமரிக்கலன்னு ஆயிடாதா?"

உடனே விசாரணைக் குழு. தலைவர் நான். ஜெட்டைத் தொட்டவன் அவன் ஒருவனே, ஆகவே அடைத்தவனும் அவனே என்று கண்டறிந்து வேலைநீக்க உத்தரவில் கையெழுத்திட்டேன்.

"என் தம்பி பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே! அவன் சொன்னது நெசம்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று மனைவி அழுதாள்.

"எனக்குத் தெரியும். குழுவோட பார்வைக்கு வரலையே!"

போன திங்கட்கிழமை, ஆறு திருகு பிடிக்கும் பெரிய தகடு ஒன்றை நடு ஆற்றில் விழா எடுத்து மாட்டப் படகில் கிளம்பினோம். கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் எஞ்சின் இருமியது, நின்றது. மழையும் பிடித்துக்கொண்டது.

"யாருக்காவது ஜெட்டக் கழட்டத் தெரியுமா?" என்றார் இயக்குநர்.

எட்டுப் பேரும் குறிப்பேட்டைப் புரட்டினோம். பக்கத்துக்குப் பக்கம் "துளை தெரிந்தது" என்றுதான் இருந்தது.

வேலை தேடி அக்கரை போக, படகுக்காகக் கரையில் நின்றிருந்தான் மைத்துனன். வெட்கத்தை விட்டுக் கத்தினேன்.

"மாப்ள! எங்கடா அடைச்சிருக்கு?"

"டாங்க் மூடித் தகட்டுல ரெண்டாவது வரியப் படிங்க, சார்!"

படித்தேன். மழை கழுவியதில் என் பெயர் பளபளவென்று இருந்தது.