பிறந்தநாள் ஃபிரிட்ஜும் பழுப்புக் கிண்ணமும்

கல்யாணமான நாளிலிருந்து எனக்கு ஒரு நல்ல கரண்டிகூட வாங்கித் தராத மனிதர், என் பிறந்தநாளுக்கு ஃபிரிட்ஜே வாங்கி வந்தார். எங்கள் தெருவில் அதுதான் முதல். பக்கத்து வீட்டுக்காரிகள் முறைபோட்டு வந்து கதவைத் திறந்து திறந்து மூடினார்கள்.

கூடவே ஒரு சமையல் புத்தகம் இலவசம். அதை எழுதினவள் கையில் எது கிடைத்தாலும் ஜெல்லிக்குள் போட்டு உறைய வைக்கிறவள். முட்டைக்கோஸ், மீன், நேற்று மிஞ்சின மக்ரோனி, எல்லாமே. நானும் விடாமல் செய்து போட்டேன். என் வீட்டுக்காரர் லோவெல் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கீழ்த்தட்டில் மூடி போட்ட பழுப்புக் கிண்ணம் ஒன்று இருந்தது. மோட்டார் சமாசாரம், தொடாதே என்று சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை நான் வெண்ணெய் எடுக்கக் கதவைத் திறந்தபோது, எங்கள் பாப்பா தவழ்ந்து வந்து அந்த மூடியைத் தள்ளிவிட்டாள்.

உள்ளே ஈரமண். மண்ணுக்குள் விரல் மொத்தத்துக்கு மண்புழுக்கள். என் வெண்ணெய்க்குக் கீழே ஜில்லென்று சுகமாக நெளிந்துகொண்டிருந்தன. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மூடியைப் பழையபடி வைத்தேன்.

ஏரிகள் நிறைந்த எங்கள் மின்னசோட்டாவில் தூண்டில் இல்லாத ஆம்பளை கிடையாது. ஆனால் பெண்டாட்டி பிறந்தநாளைச் சாக்கு வைத்துப் புழுவுக்கு மாளிகை கட்டினவர் இவராகத்தான் இருப்பார்.

மறுநாள் அவர் வேலை பார்க்கும் மரம் அறுக்கிற மில்லின் முதலாளி ஸ்டாடர்டும் மனைவி அடலைனும் எங்கள் வீட்டில் சாப்பிட வந்தார்கள். மில்லில் மேஸ்திரி வேலை காலி. லோவெல் அதன்மேல் கண்ணாக இருந்தார். ஏடாகூடமாக எதுவும் செய்துவிடாதே என்று காலையிலிருந்து கெஞ்சினார். எல்லாம் புத்தகத்தில் உள்ளபடிதான் என்றேன்.

எங்கள் கொல்லைக் கோழி வறுவல் எலும்பு மட்டும் மிச்சமாகத் தீர்ந்துபோனது. பிறகு ஜெல்லியைக் கொண்டுவந்தேன், அந்தப் பழுப்புக் கிண்ணத்திலேயே. தட்டில் கவிழ்த்ததும் தளதளவென்று ஆடியது. உள்ளே பழுப்பாக, நீளமாக, சுருண்டு சுருண்டு.

லோவெலின் முகத்தில் ரத்தம் இல்லை.

"ஏம்மா நீவா, இந்தக் கிண்ணத்துல இருந்ததெல்லாம் எங்க?"

"மிஞ்சினதை வீணாக்கக் கூடாதுன்னு புத்தகத்துல போட்டிருக்குங்க."

ஸ்டாடர்ட் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனார்.

"சார், வேணாம். அது மண்புழு. தூண்டிலுக்கு நான்தான் வெச்சிருந்தேன். ஃபிரிட்ஜு வாங்கினதே அதுக்குத்தான்."

கரண்டி விழுந்தது. அடலைன் அம்மா என்னைப் பார்க்கவில்லை, லோவெலையும் பார்க்கவில்லை. தன் புருஷனைத்தான் பார்த்தார்.

"ஏங்க, நம்ம ஃபிரிட்ஜுல ஒரு நீலக் கிண்ணம் இருக்கே. மோட்டார் சமாசாரம், தொடாதேன்னு சொன்னீங்களே. அதுல என்ன?"

ஸ்டாடர்ட் லோவெல் பக்கம் திரும்பினார். "இந்த யோசனைய நான் சொல்லிக் குடுத்தப்ப, வாயத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணினியேடா."

நான் ஒரு கரண்டி ஜெல்லியை எடுத்து மென்று விழுங்கினேன். மக்ரோனிதான், காப்பித் தண்ணீரில் வேகவைத்தது என்றேன்.

அடலைன் அம்மா மெல்ல மூச்சு விட்டார். "மேஸ்திரி வேலைய இவனுக்கே குடுங்க. வாய்க்குள்ள போறதுக்கு முன்னாடியாவது உண்மையச் சொன்னான்."

லோவெலுக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே ஆசையும் வந்தது.

"அப்ப என் புழுவெல்லாம் பத்திரமா இருக்கா?"

"நேத்தே கோழிக்குப் போட்டுட்டேங்க."

நாலு பேரும் தட்டில் கிடந்த எலும்பைப் பார்த்தோம்.