ஏழாவது பெயர்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வருகிறார், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் ஏழு பேரையும் நேரில் பார்க்க வேண்டும் என்கிறார் என்று தலைமையாசிரியை புனிதா போனில் சொன்னபோது, குகன் கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு நடுவே நின்றிருந்தான். இரைச்சலில் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

மலேசியாவில் மேரு என்ற ஊரில் இருக்கும் அந்தச் சின்னத் தமிழ்ப்பள்ளியில் இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர்கள் ஆறு பேர். தாய்மொழிப் பள்ளிகளுக்கான பாதுகாப்புத் திட்டத்தில் இடம்பெற ஏழு பேர் வேண்டும். இடம் கிடைத்தால் பள்ளி பிழைக்கும். கிடைக்காவிட்டால் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று, ஏழாவது பெயராகத் தன் மகள் மதுமிதாவின் பெயரைக் குகன் எழுதிக் கொடுத்தான். அவன் பள்ளிக் காப்புக் குழுவின் செயலாளர். அவன் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

மதுமிதா கிள்ளானில் சீனப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள்.

அதை அவன் மறைத்தான் என்று சொல்ல முடியாது. புனிதா கேட்டபோது சொன்னான்; வேறு யாரும் கேட்கவில்லை. அவனும் வலியப் போய்ச் சொல்லவில்லை. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் அடுக்குமாடி வீடுகளில் ஏறி இறங்கி, நம் பிள்ளைகளை நாமே அனுப்பாவிட்டால் வேறு யார் அனுப்புவார்கள் என்று கேட்டு வந்தான். நல்ல கேள்வி. பலர் பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்தார்கள். வீட்டில் குமுதாவிடம் மட்டும் அதைக் கேட்க முடியவில்லை. மாண்டரின் தெரிந்தால் எங்கே போனாலும் வேலை கிடைக்கும் என்று அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். குகன் அன்று தலைகுனிந்ததுதான்.

அதிகாரியின் பெயர் இராமலிங்கம். கறாரானவர். ஓர் ஊரில் பட்டியலில் இருந்த பிள்ளை இன்னும் பாலர்பள்ளிக்குப் போய்க்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, அந்தப் பள்ளியின் கோப்பையே மூடியவர் என்று புனிதா சொல்லியிருந்தார்.

குகன் யோசித்து இராமலிங்கத்துக்கே போன் அடித்தான். மகளுக்குக் கடுமையான காய்ச்சல், வெள்ளிக்கிழமை வருவது சந்தேகம் என்றான். அவளைத் தவிர மற்றவர்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போய்விடுவார் என்பது கணக்கு.

இராமலிங்கம் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிள்ளையின் உடம்புதான் முக்கியம் என்றார். டெங்கியா என்று பார்க்கச் சொன்னார். வருகையை அடுத்த வெள்ளிக்கு மாற்றிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"பிள்ளை உங்க மகளா? செயலாளர் மகளா?"

"ஆமாங்கய்யா."

"ரொம்ப சந்தோசம். சொல்றவங்க எல்லாரும் செய்றதில்ல. அன்னைக்கு அவ ரெண்டு நிமிசம் தமிழ்ல பேசட்டும். நானே வீடியோ எடுக்கிறேன். திட்டத்தோட பேஸ்புக் பக்கத்துல போடுவோம்."

காய்ச்சலைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அன்று மாலை குகன் மகளை மேசையில் உட்கார வைத்தான். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைதானே, ஒரு வாரத்தில் ரெண்டு நிமிடப் பேச்சு வராதா என்று அவனுக்கு நம்பிக்கை இருந்தது.

"உன் வகுப்புல எத்தன பேரு?"

"நாப்பத்திரண்டு."

"ஏழுன்னு சொல்லணும்."

"ஏன்? மத்தவங்க எல்லாம் எங்க போனாங்க?"

"உன் டீச்சர் பேரு?"

"லிம்."

"புனிதா டீச்சர்னு சொல்லு."

"அது யாரு?"

அடுப்படியிலிருந்து குமுதா எட்டிப் பார்த்தாள். அடுத்த வெள்ளி பிள்ளைக்குப் பரீட்சை என்றாள். பிறகு, பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதாக இருந்தால் அதையாவது ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கச் சொன்னாள். மதுமிதா புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் குகன் பள்ளிக்குப் போய்ப் புனிதாவின் முன்னால் உட்கார்ந்தான். வேறு வழி தெரியவில்லை என்றான். புனிதா விஷ்ணுப்ரியாவைக் கூப்பிட்டு அனுப்பினார்.

விஷ்ணுப்ரியா கேண்டீன் அக்காவின் மகள். அதே முதலாம் ஆண்டு. பேச்சுப் போட்டி என்றால் அவள்தான். இரட்டைச் சடையும் ஒரு விழுந்த பல்லுமாக வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் இந்த அங்கிளுக்கு மகளாக இருக்க வேண்டும், பெயர் மதுமிதா என்று புனிதா விளக்கினார். குகன் தரையைப் பார்த்தான்.

பிள்ளை எதற்கும் ஆச்சரியப்படவில்லை.

"அப்பான்னு கூப்பிடவா, டாடியா?"

"அப்பான்னே கூப்பிடும்மா."

"சரி அங்கிள்."

அவள் போன பிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. விஷ்ணுப்ரியா மதுமிதா ஆகிவிட்டால் விஷ்ணுப்ரியாவுக்கு ஆள் இல்லை. ஏழு மறுபடியும் ஆறாகிறது. இருவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில், குகனின் மகளுக்கு வந்திருந்த காய்ச்சலை விஷ்ணுப்ரியாவுக்கு மாற்றினார்கள். கேண்டீன் அக்காவிடம் சொன்னபோது, மகளுக்குக் காய்ச்சல் என்று தன் வாயால் சொல்லமாட்டேன், சொன்னால் பலித்துவிடும், வேண்டுமானால் கேட்கிறபோது அழுகிறேன் என்றாள். பள்ளி மூடினால் அவளுக்கும் வேலை இல்லை.

வெள்ளிக்கிழமை பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே இராமலிங்கம் வந்துவிட்டார். கையில் கோப்பு, தோளில் கேமரா. பசியாறிவிட்டுத் தொடங்கலாமே என்று புனிதா சொன்னதற்கு, வேலை முதலில் என்றார். நேராக வகுப்புக்கு நடந்தார்.

பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். அவர் ஒவ்வொரு மேசையாக நின்றார். பெயர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார், வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார், என்ன பாடம் நடந்தது என்று கேட்டார். எல்லாவற்றையும் பட்டியலோடு ஒப்பிட்டு அடையாளம் போட்டார். தனேஷ் என்ற பையன் வீட்டு எண்ணைத் தப்பாகச் சொன்னதற்கு இரண்டு நிமிடம் நின்று விசாரித்தார்.

ஒரு நாற்காலி காலியாக இருந்ததைக் கேட்டார். விஷ்ணுப்ரியாவுக்குக் காய்ச்சல் என்றார் புனிதா. வாசலில் நின்ற கேண்டீன் அக்கா சொன்னபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த வட்டாரத்துல காய்ச்சல் ஜாஸ்தி போல," என்றார் இராமலிங்கம். எழுதிக்கொண்டார்.

கடைசி மேசை. பிள்ளை எழுந்து நின்று கைகூப்பினாள்.

"வணக்கம் ஐயா. என் பெயர் மதுமிதா."

உடனே தனேஷ் திரும்பினான்.

"இல்ல சார். இவ விஷ்ணுப்ரியா."

குகனுக்கு வாய் தானாகத் திறந்தது. வீட்டில் செல்லமாக அப்படிக் கூப்பிடுவோம் என்றான். காய்ச்சலில் இருக்கும் பிள்ளையின் பெயரையா என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று அதற்குப் பிறகுதான் யோசித்தான்.

இராமலிங்கம் கேட்கவில்லை. அவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையும் அவரைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியில் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். அப்பா பெயர் கேட்கவில்லை. வீடு எங்கே என்று கேட்கவில்லை. பட்டியலில் எதையோ கிறுக்கிக் கோப்பை மூடினார்.

பிள்ளை மட்டும் தன் வேலையை மறக்கவில்லை. இரண்டடி முன்னால் வந்து, "அவையோர் அனைவருக்கும்" என்று தொடங்கினாள்.

"வேணாம்மா. உக்காரு. உக்காரு," என்றார் இராமலிங்கம்.

"வீடியோ ஐயா?" என்று புனிதா மெதுவாக நினைவூட்டினார்.

"வெளிச்சம் பத்தல டீச்சர்."

ஜன்னல்கள் நாலும் திறந்திருந்தன. வெயில் கரும்பலகை வரை வந்திருந்தது.

மண்டபத்தில் அவருக்காக வாழையிலை போட்டிருந்தார்கள். பங்சாரில் கூட்டம் இருக்கிறது என்று அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கார் வரை கூடவே ஓடிய குகனிடம், கதவைத் திறந்தபடி தணிந்த குரலில் சொன்னார்:

"இன்னைக்கு நடந்தத வெளிய எங்கயும் பேச வேணாம். மேல நான் பார்த்துக்கிறேன்."

கார் கேட்டைத் தாண்டிப் போய்விட்டது.

குகன் கேண்டீனில் வந்து உட்கார்ந்தான். மேலே பார்த்துக்கொள்வது என்றால் என்னவென்று அவனுக்குப் புரிந்திருந்தது. கடிதம் வரும். விசாரணை வரும். பொய்ப் பெயர் கொடுத்தது செயலாளர் என்பார்கள். பள்ளிக்குப் பூட்டு விழும்போது அதன் சாவி அவன் கையில் இருப்பதுபோல ஊர் பேசும். புனிதாவுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம். ஆறு பிள்ளைகள் விடிவதற்கு முன் எழுந்து பஸ் பிடிக்க வேண்டும். உண்மையில் படிக்கும் அந்த ஆறு பேரையும் படிக்காத ஒருத்தி கெடுத்துவிட்டாள். அவள்கூட இல்லை, அவளுடைய அப்பா.

அவன் போனை எடுத்து அதிகாரிக்கு எழுத ஆரம்பித்தான். ஐயா, தவறு முழுக்க என்னுடையது. டீச்சருக்கும் பள்ளிக்கும் இதில் சம்பந்தமில்லை. என் மகள் சீனப்பள்ளியில் படிக்கிறாள். பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள், பள்ளியை மட்டும் விட்டுவிடுங்கள். இரண்டு முறை படித்துப் பார்த்தான். இரண்டு வருடத்தில் அவன் எழுதியதிலேயே நேர்மையான கடிதம் அதுதான்.

எதிரில் விஷ்ணுப்ரியா மைலோ குடித்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்து உறிஞ்சுவதை நிறுத்தினாள்.

"நான் சரியா செய்யலயா அங்கிள்?"

"நீ நல்லாத்தாம்மா செஞ்ச. அவருக்குத்தான் தெரிஞ்சு போச்சு. நீ என் மக இல்லன்னு கண்டுபிடிச்சிட்டாரு." அவன் கட்டைவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது.

"தெரியாம இருக்குமா அங்கிள்?" என்றாள் விஷ்ணுப்ரியா. "போன மாசம் பிரிக்பீல்ட்ஸ்ல தாய்மொழி விழா நடந்துச்சே, அங்க மேடையில நான் அவரோட மகளாத்தானே பேசினேன்."