பதினேழு குலைக்காரன் வீடு தேடிய கதை

ஒரு காட்டில் ஒரு மரநாய் இருந்தது. யாரோ எவரோ என்று நினைக்காதீர்கள், அது நான்தான். கதை சொல்கிற மிருகம் புத்திசாலியாக இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

நானும் என் மனைவி வேதவல்லியும் இரண்டு குட்டிகளும் என் சகலை தண்டபாணியின் மரப்பொந்தில் பின்பக்க மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தோம். சகலை நல்லவர்தான். ஆனால் தினமும் காலையில், "என்ன சகலை, வீடு ஏதாச்சும் அமைஞ்சுதா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பல் விளக்காமல் வேலைக்கு ஓடிவிடுவேன். வேதவல்லி வயிற்றில் மூன்றாவது குட்டி வேறு. அது பிறப்பதற்குள் சொந்தமாக ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை.

முதலில் அரசாங்க வளை கேட்டுப் போனோம். வரிசை ஆற்றங்கரை வரை நின்றது. அதிகாரி ஓர் ஆமை. அவருக்கென்ன கவலை, வீடு முதுகிலேயே இருக்கிறது.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து மாத வருமானம் எவ்வளவு?" என்று நிதானமாகக் கேட்டார்.

"பதினேழு குலை வாழைப்பழம் ஐயா. எனக்குப் பத்து, இவளுக்கு ஏழு," என்றேன் நெஞ்சை நிமிர்த்தி.

"பதினாலைத் தாண்டினா அரசாங்க வளை கிடையாது. நீங்க பணக்காரங்க."

என்னைப் பணக்காரன் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அந்தச் சந்தோஷத்தோடு நேராகத் தனியார் மரத்துக்குப் போனோம். வாசலில் இருந்த கீரி விலையைச் சொன்னதும் வேதவல்லி என் வாலைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

வெளியே முயல் ஏஜென்ட் காத்திருந்தது. "சார், உங்களை மாதிரி நடுவுல நிக்கிறவங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு. பாதி அரசாங்கம், பாதி தனியார்!"

"எது எந்தப் பாதி?" என்று கேட்டாள் வேதவல்லி.

"விதி அரசாங்கம், விலை தனியார். அஞ்சு வருஷம் விற்கக் கூடாது. பத்து வருஷம் போனா முழுக்கத் தனியார். கீழே நீச்சல் குளம் இருக்கு சார்!"

எனக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் சகலை அந்தக் குளத்தங்கரையில் உட்கார்ந்து வாயைப் பிளப்பதுபோல் நினைத்துப் பார்த்தேன். மனசு குளிர்ந்துபோயிற்று.

"வருமானம் மட்டும் பதினாறு குலையைத் தாண்டக் கூடாது," என்றது முயல்.

அடப்பாவமே! ஒரே ஒரு குலையைக் கூடுதலாகச் சம்பாதித்துத் தொலைத்திருக்கிறோம்.

மறுநாள் யானை முதலாளி முன் போய் நின்றேன். "ஐயா, என் சம்பளத்துல ரெண்டு குலை குறைச்சுக்குங்க." முதலாளிக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. கையோடு என் மேற்பார்வையாளர் பதவியைப் பிடுங்கித் தன் மருமகனுக்குக் கொடுத்துவிட்டார். வேதவல்லியிடம் நான் மூச்சு விடவில்லை. சம்பளம் குறைந்த புருஷனுக்கு வீட்டில் என்ன மரியாதை இருக்கும்?

சில மாதம் கழித்து, "சும்மா போட்டுத்தான் பார்ப்போமே," என்றேன்; வேதவல்லியும் ஏனோ மறுக்காமல் தலையாட்ட, விண்ணப்பித்தோம். குலுக்கலில் பெயர் வந்தது! துள்ளிக் குதித்துக்கொண்டு கடன் கேட்டு வங்கிக்குப் போனோம்.

"வருமானம்?" என்றார் முள்ளம்பன்றி மேலாளர்.

"பதினஞ்சு," என்றோம் இருவரும் ஒரே குரலில். சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தோம். இவளுக்கு எப்படித் தெரியும்?

மேலாளர் சம்பளச் சீட்டுகளைக் கூட்டினார். "பதிமூணுதானே வருது?"

வேதவல்லி தலையைக் குனிந்துகொண்டாள். "உங்ககிட்ட சொன்னா ரோஷப்படுவீங்கன்னு, மரமேறச் சொல்லிக் கொடுக்கிற டியூஷன்ல பாதியை நானே நிறுத்திட்டேங்க. ரெண்டு குலை போச்சு. நீங்க என்ன பண்ணீங்க?"

நான் பண்ணியதையும் சொன்னேன். மேலாளருக்கு முள்ளெல்லாம் குலுங்கக் குலுங்கச் சிரிப்பு. "இவ்வளவு ஏழைங்களுக்கு அந்த வீட்டுக்குக் கடன் தர முடியாது. ஆனா பதிமூணுன்னா அரசாங்க வளைக்குத் தகுதி இருக்கே!"

அதற்கே போனோம். பிரசவத்துக்கு முந்தின வாரம் குடியேறினோம். குட்டி நல்லபடியாகப் பிறந்தது. குட்டியைப் பார்க்கச் சகலை பழக்கூடையோடு வந்தார்.

"சேதி கேட்டீங்களா சகலை? நடுத்தரக் குடும்பங்களோட கஷ்டத்தைப் பார்த்து, அந்தப் பாதிப் பாதி வீட்டுக்கு வருமான வரம்பைப் பதினெட்டா ஏத்திட்டாங்களாம். நீங்க சும்மா இருந்திருந்தாலே கிடைச்சிருக்குமே!"

வேதவல்லி முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தாள். பதவி மருமகனிடம் போனது போனதுதான். இந்த வளையையும் ஐந்து வருஷத்துக்கு விற்க முடியாதாம்.

"சும்மா இருக்கிறதுக்குக்கூட நமக்குத் துப்பில்லையேங்க," என்றாள் வேதவல்லி மூக்கைச் சிந்திக்கொண்டே.

நீதி: உழைத்தால் முன்னுக்கு வரலாம். வீடு கிடைத்த பிறகு வந்தால் போதும்.