சுந்தரம்மாளுக்குப் பிடிக்காத மூன்று வண்டிகள்

சேவுகம்பட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை அய்யனார் அவர்களுக்கு, மாமனார் பெருமாள்சாமி எழுதிக்கொண்டது. ஓசூரில் நீங்களும் மகள் தீபாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே தென்னை, மாடு, நான் மூவரும் சௌக்கியம். உங்கள் அத்தையைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குக் காகிதத்தைச் செலவழிக்கிறார் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நீங்கள் கேட்பதற்கெல்லாம் எனக்கு முன்னால் பதில் சொல்கிறாள். கடிதத்தில் அந்தப் பயம் இல்லை. அவளுடைய மூக்குக்கண்ணாடி காது ஒடிந்து வத்தலக்குண்டு கடையில் கிடக்கிறது.

மதுரை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை உங்களுக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். இனி மருந்து வலிக்குத்தான், நோய்க்கு இல்லை, ஐப்பசி மழையைப் பார்த்தால் பெரிது என்றார். சுந்தரம்மாளிடம் குடல்புண் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பால் சங்கத்தில் செயலாளராக இருந்தபோது, பாலில் தண்ணீர் ஊற்றியவனை அவன் முகத்தைப் பார்த்தே பிடித்தவன் நான். இப்போது என் முகத்தை அவள் பிடித்துவிடக் கூடாதே என்று நாளெல்லாம் தோட்டத்தில் இல்லாத வேலையைத் தேடிக்கொண்டு திரிகிறேன். தீபாவுக்கும் தெரிய வேண்டாம். நீங்கள் இருவரும் திடுதிப்பென்று வந்து நின்றாலும் இவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

"வீட்டுக்குள்ளயே கெடக்கேன், நாலு சனத்தப் பாத்துட்டு வரணும்" என்றாள். பஸ்ஸில் குலுங்கினால் வலி தாங்கவில்லை. வாடகைக் காரைக் கூப்பிட்டால், "அதுல ஆஸ்பத்திரிக்குப் போறவதான் போவா" என்று ஏற மறுக்கிறாள். அதனால்தான் குலுங்காத பெரிய வண்டியாக ஒன்றைப் பழசில் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஓட்டத் தெரியாதவருக்கு எதற்கு வண்டி என்று நீங்கள் கேட்டது நியாயம்தான். அதற்கு மெக்கானிக் ஆனந்த்ராஜ் இருக்கிறான். அவன் ஓட்டுவான், நான் முன்சீட்டில் உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொள்வேன்.

முதல் வண்டியை வத்தலக்குண்டில் தரகர் மீரான் காட்டினார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி வண்டியைச் சுற்றி வந்து, தேங்காயைத் தட்டுவதுபோல் கதவு கதவாகத் தட்டிப் பார்த்தேன். பானெட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து ஏதோ குறையை மறைக்கிறார்கள் என்று சொல்லியிருந்தீர்கள் அல்லவா, அதையும் செய்தேன். உச்சி வெயிலில் செய்தேன். உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. என்ன மீரான், ஏமாற்றப் பார்க்கிறீரா என்று சத்தம் போட்டேன். அவர் நிதானமாக, "அண்ணே, அந்தக் காம்பவுண்டுச் சுவத்தயும் செத்தத் தொட்டுப் பாருங்க. அதையும் நாந்தான் ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கேன்" என்றார். உங்கள் அத்தையையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி வந்தால் போதும் என்றேன் நான். இவள் பின்சீட்டிலிருந்து இடது பக்கம், வலது பக்கம் என்று வழி சொல்லி, அஜீஸுன்னிசா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் இருவரும் ஒன்றாகப் பூக் கட்டியவர்கள். உள்ளே போனவள் வெளியே வர ஒரு பொழுதாயிற்று. திரும்பி வந்ததும், "படி ஒசரமா இருக்கு, இந்த வண்டி வேணாம்" என்று சொல்லிவிட்டாள். பெரிய வண்டி என்றால் படி உயரமாகத்தான் இருக்கும் என்று நான் வீட்டிலிருந்தே முக்காலி தூக்கிப் போயிருந்தேன். அதைத் தொடாமல்தான் அவள் ஏறி இறங்கினாள்.

இரண்டாவது வண்டி திண்டுக்கல்லில். மேட்டில் ஏற்றினால்தான் இழுவை தெரியும் என்று ஆனந்த்ராஜ் சொன்னான். அவ்வளவுதான், "அப்ப சிறுமலைக்கு விடுப்பா" என்றுவிட்டாள் இவள். அங்கே அவளுடைய தங்கை சிவனம்மாள் இருப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு வெஞ்சனம் வரவில்லை என்று எழுந்து போனவள், அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. ஒவ்வொரு வளைவிலும் மீரான் பின்னாலிருந்து, இதுக்கு மேல டீசல் யாரு காசு என்று கேட்டுக்கொண்டே வந்தார். மேலே போய் வண்டி நின்றதும் சிவனம்மாள் வெளியே வந்து பார்த்தாள். இவள் கதவைத் திறந்து, "ஏடி, சாப்ட்டியா" என்றாள். அம்புட்டுத்தான். இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். என்னால் பார்க்க முடியவில்லை மாப்பிள்ளை. டயர் பார்க்கிறேன் என்று வண்டிக்குப் பின்னால் போய்விட்டேன். நாலு டயரையும் பார்த்து முடித்தும் அவர்கள் அழுது முடிக்கவில்லை. ஸ்டெப்னியையும் இறக்கச் சொல்லிப் பார்த்தேன். இறங்கும்போது சிவனம்மாள் கொடுத்த மலைவாழைத் தாரை மீரான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அடிவாரத்தில் இவள் சொல்கிறாள், "பின்சீட்டு முதுகுல குத்துது." மலை ஏறும்போது குத்தாத சீட்டு இறங்கும்போது மட்டும் எப்படிக் குத்தும் என்று நான் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவளை எதுவும் கேட்பதில்லை.

மூன்றாவது, சேவியர் என்பவருடைய வண்டி. மிகவும் சுத்தம். முன்கண்ணாடிக்குக் கீழே மாதா சொரூபம் வைத்திருந்தார். நிலக்கோட்டைப் பக்கம் நம் குலதெய்வக் கோயில் வரை ஓட்டிப் பார்ப்போம் என்றாள் இவள். நான் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், பூசாரி புது வண்டி என்று நினைத்து, மாலை போட்டு, சந்தனம் வைத்து, சூடம் காட்டிப் பூசணிக்காயையும் உடைத்துவிட்டார். நான் ஓடி வருவதற்குள் ஆனந்த்ராஜ் நாலு எலுமிச்சம்பழத்தின் மேலும் வண்டியை ஏற்றிவிட்டான். எலுமிச்சம்பழம் நசுங்கிவிட்டால் வண்டி நம்முடையது என்றுதானே அர்த்தம். ஆனால் இவள், "ஹாரன் சத்தம் கடூரமா இருக்கு" என்று வேண்டாம் என்றுவிட்டாள். மாலையும் கழுத்துமாக வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் விட்டால் எந்த மனிதனுக்கும் கோபம் வரும். சேவியர் வண்டியைப் பார்த்தார், இவள் இறங்கி நிற்க முடியாமல் நின்றதையும் பார்த்தார். "ஒங்க சாமிக்கு வருத்தமில்லன்னா எனக்கும் இல்லங்கய்யா. அந்தம்மாவ மொதல்ல உக்கார வைங்க" என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மாட்டுக் கொட்டகையில் நின்று அழுதேன்.

எனக்கு அலைச்சல் பெரிதில்லை. நாள் போகிறதே என்றுதான் பயம். வண்டி வருவதற்குள் போய்விடுவாளோ என்று இருக்கிறது. அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று நல்ல வண்டி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று போனில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள், மாப்பிள்ளை சொன்னால் கேட்பாள்.

குலதெய்வம் உங்கள் இருவரையும் நூறாண்டு காக்கட்டும். எந்த வண்டியில் போனாலும் பத்திரமாகப் போய் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்
பெருமாள்சாமி

பி.கு.: மாப்பிள்ளைக்கு அத்தை சுந்தரம்மாள் எழுதுறது. கவர ஒட்டி வைன்னு எங்கிட்டயே குடுத்துட்டு உங்க மாமா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காரு. கண்ணாடி நேத்தே வந்துருச்சு. மதுரைக்குப் போயிட்டு வந்த நாளா இந்த மனுசன் கொழம்புல உப்பில்லன்னு ஒரு வார்த்த சொல்லல. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மூணும் நல்ல வண்டிதான். புடிச்சிருக்குன்னு சொன்னா வாங்கிப்புடுவாரு. அப்புறம் நான் இல்லாத வீட்டுல, ஓட்டத் தெரியாத மனுசன், வாசல்ல நிக்கிற வண்டியவே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அதான் ஒவ்வொண்ணுக்கும் ஒரு குத்தம் சொன்னேன். பாக்க வேண்டிய சனத்தையெல்லாம் பாத்தாச்சு. தீபா மட்டுந்தான் பாக்கி. ஓசூரு வரைக்கும் ஓட்டிப் பாக்க மீரான் விட மாட்டாரு. அதனால அவகிட்ட எல்லாத்தையும் சொல்லி, நீங்களே கூட்டிக்கிட்டு வாங்க. எனக்குத் தெரியும்னு மட்டும் மாமாகிட்டச் சொல்லிறாதீங்க. மறைக்கிறதுக்கு ரொம்பப் பாடுபடுறாரு.